அப்பா பக்கம் மாறிப் பேசிய வெள்ளிக்கிழமை

மட்டாஞ்சேரி சந்தையில் வெள்ளிக்கிழமை மதியம் வியாபாரம் கொஞ்சம் ஓயும். பள்ளிவாசலுக்குப் போனவர்கள் திரும்பியதும், சுக்கு காயப்போடும் முற்றத்தில் சாயா கிளாசும் கையுமாக எல்லோரும் கூடுவார்கள். விவாதம் நடக்கும். சந்தை எவ்வளவு பழசோ அந்த விவாதமும் அவ்வளவு பழசு என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான், பிள்ளைகளே. எதிராளி பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதை அந்த முற்றத்தில்தான் கற்றேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இருவர் எதிரும் புதிருமாகப் பேசுவார்கள். பாதியில் நடுவர் "பக்கம் மாறு!" என்று கத்துவார். உடனே இருவரும் இடம் மாறி நின்று, அதுவரை மறுத்ததையே ஆதரித்துப் பேச வேண்டும். அதை யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்கே வெற்றி.

எனக்கு அப்போது பத்து வயது, கோடை விடுமுறை. அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். படகில் எர்ணாகுளம் போய் மேலே படிக்க ஆசைப்பட்டாள். அப்பா முடியாது என்றுவிட்டார். விண்ணப்பம் கொடுக்க மூன்று நாள்தான் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை சாயாக்கடைச் சேட்டன் வேண்டுமென்றே அதையே விவாதத்துக்கு எடுத்தார்: பெண்பிள்ளையைத் தூரத்துக்குப் படிக்க அனுப்பலாமா?

மிளகுக் கிடங்கில் தரம் பிரிக்கும் என் அப்பா எழுந்தார். படகு நேரத்துக்கு வராது, காலம் சரியில்லை, கல்யாணம் தள்ளிப்போகும் என்றார்.

"அண்ணாச்சி, போட் லேட்டுன்னா எர்ணாகுளத்துல ஆரும் படிக்கறதில்லையோ?" என்றார் சேட்டன். முற்றமே சிரித்தது.

நடுவர், சுமைதூக்கும் அண்ணன் ஒருவர்; இக்கா என்று கூப்பிடுவோம். கிளாசைத் தட்டினார். "போதும் கேட்டோ! பக்கம் மாறு!"

அப்பா இடம் மாறி நின்றார். "என்னை ஆறாம் கிளாசோட நிறுத்திட்டாங்க" என்று தொடங்கினார். "கிடங்குக்கு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி வந்தா, இன்னிக்கும் அடுத்தவன் முன்னாடி போய் நிக்கறேன். என் பொண்ணு அப்படி யார் முன்னாடியும் நிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. சேட்டனும் மறுபக்கம் பேசி முடித்ததும், வெற்றி என்று இக்கா அப்பாவின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

விதி எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவின் குரல் தழுதழுத்ததைக் கேட்ட பிறகு, அது விதிக்காகப் பேசியது என்று தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடினேன். "அப்பா சம்மதிச்சுட்டாரு!" அக்கா அப்போதே விண்ணப்பத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வந்த அப்பா அதைப் பார்த்தார். "அது சந்தையில பேசினதும்மா" என்றார் மெதுவாக.

அக்கா அழவில்லை. பேனாவை மூடினாள். "அப்ப நான் உங்க பக்கம் பேசறேன்ப்பா. காரணம் படகும் இல்ல, கல்யாணமும் இல்ல. அம்மாவுக்கு வலிப்பு வந்தா பிடிக்க வீட்டுல ஆள் வேணும். போன மாசம் அடுப்புகிட்ட விழுந்தாங்க. நான் இல்லேன்னா..."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் சந்தையில் சொல்லாத காரணம் அது ஒன்றுதான்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "நான் விழுந்தா எழுந்துப்பேன். என்னால இவ வீட்டோட உக்காந்தா, அப்புறம் எந்த முகத்தோட எழுந்திருப்பேன்? எழுதுடி நீ."

அப்பா கையெழுத்துப் போட்டார். "இதுல யாரு ஜெயிச்சா?" என்று கேட்டேன். அக்கா விண்ணப்பத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

அக்கா படகேறிய நாளிலிருந்து அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரத் தொடங்கினார். அம்மாவைப் பார்த்தபடி அடுப்படி வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். வெள்ளிக்கிழமைகளில் விவாதம் நடக்கும் நேரத்திலும் அப்படித்தான். அந்த முற்றத்தில் பிறகு ஒரு நாளும் அவர் பேசவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் அப்பா போவதில்லை என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். சாயாக்கடைச் சேட்டனிடமும் அப்படியே சொன்னேன்.