ஓரிரு இடங்களில் இடி

பாரிஸில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்துக்கு வானிலை எழுதுவதுதான் என் வேலை. வளைகுடா நாடொன்றில் மணலுக்கு நடுவே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனி, தன் வேலைத்தளங்களுக்கு அன்றாடம் வெயில், காற்று, இடி பற்றிய அறிக்கை தர எங்கள் சின்ன அலுவலகத்தை அமர்த்தியிருந்தது. அதிகாலையில் போய் எழுதி அனுப்பிவிட்டு நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவேன்.

வீடு என்பது ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், மெட்ரோ தலைக்கு மேலே ஓடும் தெருவுக்குப் பின்னால், ஆறாவது மாடியில் தகரக் கூரைக்கு நேர் கீழே இருந்த இரண்டு அறைகள். ஒன்றில் நான். மற்றதில் வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் வந்தவர். அகதி என்ற காகிதம் கிடைத்துவிட்டது. கீழே ஓர் உணவகத்தின் அடுப்படியில் ரோல்ஸ் பொரிப்பார். கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

2019 கோடையில் பாரிஸே அடுப்பாகிவிட்டது. பிரெஞ்சில் வெப்ப அலைக்குக் ‘கனிக்குல்’ என்பார்கள். எங்கள் ஆட்கள் அதையும் தமிழாக்கிவிட்டார்கள். கடைகளில் மின்விசிறி தீர்ந்துபோனது. கூரைத் தகரம் பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது. கீழே மளிகைக் கடையின் குளிர்பெட்டிகளுக்கு முன்னால் சாமான் வாங்காதவர்களும் நின்றார்கள். கல்லாவில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

“பிள்ளை, பாலைவனத்துக்கெல்லாம் மழை எழுதுறாய். லா சப்பலுக்கும் ஒண்டு எழுதி விடன்.”

“நான் எழுதுனா வராதுண்ணே. வர்றதைத்தான் எழுதுவேன்.”

“அப்ப உனக்கேன் சம்பளம்?” என்பார். வரிசையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் பெருமைதான். என் அம்மா இன்றும் பேருந்தில் வண்டியின் நிறம் பார்த்தே ஏறுகிறாள். அப்பா உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள், உதவித்தொகை வாங்கிப் பாரிஸுக்குப் படிக்க வந்து, ஒரு வானத்தின் கணக்கைச் சொல்கிறாள் என்றால் அதில் பெருமைப்படாமல் எப்படி இருப்பது? என் வாக்கு எங்கேயும் பொய்க்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது.

அக்காவுக்கும் எனக்கும் நெருக்கம் உண்டானது என் மடிக்கணினியில் திறந்து கிடந்த ஒரு வரைபடத்தால். தேநீர் வைக்க வந்தவர் குனிந்து பார்த்தார். விரலை வைத்தார்.

“இஞ்சை பார், இது அவர் நிக்கிற இடமெல்லோ.”

கணவர் அந்த ரயில் பாதையில்தான் பாலம் கட்டும் கூட்டத்தில் இருந்தார். ஊரில் இருக்க முடியாமல் போனவர். வீட்டில் இருந்தால் புலனாய்வுக்காரர்கள் யாராவது வந்து விசாரிப்பார்கள். ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பாரிஸ் விசா வரும்வரை மணலில் நிற்பது ஊரில் நிற்பதைவிடப் பாதுகாப்பு என்று போயிருந்தார்.

அதற்குப் பிறகு நான் வீடு வந்ததும் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான். “இண்டைக்கு அங்கை எப்பிடி?”

எப்படி இருக்கும்? வெயில், வெயில், மேலும் வெயில். ஆனால் அந்தப் பாலைவனத்தின் வடக்கே மொட்டை மலைகள் உண்டு. கோடையில் கடலின் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதி ஏறும் நாட்களில், மாலையில் திடீரென்று மேகம் திரண்டு ஓரிரு இடங்களில் இடி இடிக்கும். மழை பெரும்பாலும் தரையைத் தொடாது, பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மின்னலும் புழுதிக்காற்றும் மட்டும் இறங்கும். இடி எச்சரிக்கை போனால் தளத்தில் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறினால் உயரத்தில் நிற்கும் எல்லோரும் இறங்கி நிழலுக்குப் போகவேண்டும். வெயிலுக்கு அப்படி ஒரு கொடி கிடையாது. மதிய இடைவேளை முடிந்தால் எந்த வெயிலிலும் ஏறத்தான் வேண்டும். ஆகவே அங்கிருந்த நம் ஆட்கள் இடிக்கு வேண்டிக்கொண்டார்கள். அக்கா எங்கள் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று ஒருநாள் “இண்டைக்கெண்டாலும் கொடி ஏறட்டும்” என்று முணுமுணுத்ததைக் கேட்டேன்.

ஜூலையில் இங்கேயும் அங்கேயும் ஒரே சமயத்தில் உச்சமடைந்தது. அக்காவின் கணவர் சாரத்தின் மேலேயே ஒருமுறை மயங்கிச் சரிந்திருந்தார். பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்ததால் விழவில்லை. மறுநாளும் ஏறினார்.

அன்று காலை கணக்கெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஈரம் இருந்தது, காற்றின் திசை இருந்தது. மலையடிவாரத்திலும் அதற்குத் தெற்கே பாலம் கட்டும் இடத்திலும் மாலையில் இடி விழ வாய்ப்பு, பத்துக்கு நான்கு. வரைபடத்தில் மஞ்சள் கோடு இழுத்து இரண்டையும் உள்ளே வைத்தேன்.

என் மேலதிகாரி, பிரெஞ்சுக்காரர், முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“போன வாரமும் இப்படித்தான் கொடி ஏற்றவைத்தாய். ஒன்றும் விழவில்லை.”

“வாய்ப்பு என்றுதான் சொன்னோம்.”

“அவர்களுக்கு வாய்ப்பு வேண்டாம், வேலை நடக்கவேண்டும். இந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள்.” மௌஸை என் கையிலிருந்து வாங்கி மஞ்சள் கோட்டை ஒரு விரல் அகலம் வடக்கே தள்ளினார். பாலம் வெளியே போய்விட்டது. “இப்போது சரி. இதற்குப் பெயர் அனுபவம்” என்றார்.

நான் வாதாடினேன். அவர் காபி எடுக்கப் போனார். அறிக்கை அப்படியே போனது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வி. நான் நடந்ததைச் சொன்னேன். பத்துக்கு நான்கு என்பதையும், கோட்டைத் தள்ளியதையும், கொடி ஏறாது என்பதையும் ஒன்றுவிடாமல்.

“பத்துக்கு நாலெண்டா, வராமல் விடுறதுக்குத்தான் வாய்ப்புக் கூட, என்ன?”

“ஆமா அக்கா. ஆனா நாலுக்கே கொடி ஏத்தணும்.”

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அங்கே மதிய இடைவேளை நேரம். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

பிற்பகல் முழுவதும் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. அது பஞ்சாய் வெடித்தது. தெற்கே வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மேலதிகாரி இழுத்த கோட்டுக்கு உள்ளேயே நின்று, மின்னி, கரைந்து போனது. வாடிக்கையாளரைக் குளிரவைக்க இழுத்த கோடு. வானம் அதற்குத்தான் அடங்கி நடந்தது. மறுநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் முன்னால் “பார்த்தாயா?” என்றார். வாடிக்கையாளரும் பாராட்டி எழுதியிருந்தார்.

தளத்தில் நடந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இடைவேளை முடிந்து மேலே ஏறிய அக்காவின் கணவர், சிறிது நேரத்தில் தன் கூட்டத்தையும் இறக்கிக்கொண்டு நிழலுக்கு வந்துவிட்டார். கொடி ஏறவில்லையே என்று மேற்பார்வையாளன் கேட்டிருக்கிறான். இடி விழப்போகிறது, பாரிஸ் வானிலை அலுவலகத்தில் இருக்கும் பிள்ளை சொன்னது என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் தன் போனில் பாரிஸிலிருந்து வந்த அறிக்கையைத் திறந்து காட்டியிருக்கிறான். பாலத்துக்கு எதுவும் இல்லை. மற்றவர்களைத் திரும்ப ஏற்றினான். ஆட்களைத் தூண்டியவர் என்று இவரை மட்டும் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டே இதையெல்லாம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, நான் பத்துக்கு நாலுன்னுதானே சொன்னேன்?”

“ஓம்.”

“நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“வரும் எண்டு சொன்னனான். கட்டாயம் வரும், பிள்ளை கணக்குப் பாத்துச் சொன்னவள் எண்டு.” கத்தி நின்றது. “நாலு, அஞ்சு எண்டு சொன்னா அந்த மனுசன் இறங்குமே? முந்தின நாள் மயங்கி விழப்பாத்தவர். எனக்கு இடி வந்தா என்ன, வராட்டி என்ன. ஒரு பின்னேரம் அவர் நிழலிலை இருக்கவேணும். அவ்வளவுதான்.”

“என் பேரைச் சொல்லியா?”

“என்ரை பேரைச் சொன்னா ஆர் நம்புவினம்? நான் ரோல்ஸ் பொரிக்கிறவள்.”

எனக்குக் கோபம் இருந்தது. இன்றும் இருக்கிறது. அம்மா வீட்டு வாசலைத் தாண்டி நான் சேர்த்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு வாக்குதான். அதை அக்கா உரிமையோடு எடுத்துச் செலவழித்துவிட்டார். அதையும் ஒரு வேளை நிழலுக்காக.

செய்தி தெருவுக்கு எப்படி இறங்கியது என்று தெரியாது. கல்லாவில் இருந்த அண்ணன் அதன்பின் மழை பற்றிப் பகிடி விடவில்லை. சாமானைப் பையில் போட்டு, மரியாதையாக மீதியைக் கொடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், “படிச்ச பிள்ளையள் சொல்லுறதை நம்பி என்ன கண்டம்” என்றார். திரும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா அந்தத் தெருவில் நடமாட முடியாது. அதைவிட, ஊரில் ஒளிந்து கிடக்கும் மனிதருக்குத் தன் மனைவியின் பொய்யால்தான் இது என்று தெரிந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறினேன்.

செப்டம்பரில் சூடு தணிந்த ஒரு காலையில் அக்கா போனை என்னிடம் நீட்டினார். “உன்னோடை கதைக்கவேணுமாம்.” ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மெதுவாகப் பேசினார். வீட்டுக்கு ஆட்கள் இரண்டு தடவை வந்து போனார்களாம். இப்போது பின்கட்டில் படுக்கிறாராம். பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

“அதிலை எனக்கொரு கோவமும் இல்லை, தங்கச்சி. ஆருக்கும் பிழைக்கும்தானே. வானத்தை ஆர் கண்டது?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் எண்களோடு வாயைத் திறந்தேன். பத்துக்கு நான்கு, தள்ளப்பட்ட கோடு, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

“ஆமாண்ணே,” என்றேன். “தப்பாப் போட்டுட்டேன்.”

“பரவாயில்லை, பிள்ளை. இனிக் கவனமாப் போடு.”

அக்கா போனை வாங்கி ஒலிபெருக்கியை நிறுத்திக் காதில் வைத்துக்கொண்டார். “பாவம், சின்னப்பிள்ளைதானே, விடுங்கோ” என்று அவரிடம் சொல்லிக்கொண்டே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.