பள்ளிக்கூடப் பாதையில் ஒரு காட்டெருமை

போன சனிக்கிழமை லண்டன் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். கொத்துரொட்டி போடுகிற சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காத கடை. அந்தச் சத்தத்தையும் தாண்டி ஒரு குரல்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க... நீங்கதானே வாராவாரம் பத்தி எழுதுறீங்க?"

மதுரைக்காரர். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். பக்கத்தில் மனைவி. நான் தலையாட்டியதும் கதிரையை இழுத்துப் போட்டு என் மேசைக்கே வந்துவிட்டார்கள்.

"உங்க ஹஸ்பெண்ட் ஆப்பிரிக்காவுல வேட்டைக்குப் போனாராமே, நிஜமா?"

"ஓம். நானும்தான் போனனான்."

"எங்க கன்சல்டன்ட் வருஷா வருஷம் போறவர். இந்தத் தடவை என்னையும் வரச் சொல்றார். ஆசையாத்தான் இருக்கு. அங்க என்ன எதிர்பார்க்கலாம், கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்னேன். முதல் நாளே வேட்டை கிடையாது. துவக்கு, அவர்கள் பாஷையில் துப்பாக்கி, விமானத்தில் இடிபட்டு வந்திருக்கும். குறி தப்பியிருக்கிறதா என்று அட்டையில் சுட்டுப் பார்க்கச் சொல்வார்கள். துவக்கை மட்டும் அல்ல, சுடுகிற ஆளையும்தான் அங்கே எடை போடுகிறார்கள். விடியுமுன் எழுப்புவார்கள். ஆப்பிரிக்கா என்றாலும் ஜூலை மாதக் காலையில் பற்கள் அடித்துக்கொள்ளும், ஸ்வெட்டர் வேண்டும். பிறகு நடை. வேட்டை என்பது துவக்கு தூக்கிக்கொண்டு நடக்கிற நீண்ட நடைதான். வழிகாட்டி சின்னத் துணிப்பையில் சாம்பல் வைத்திருப்பார். தட்டித் தட்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். சென்ட் கூடாது. செருமக் கூடாது.

நீல உடுப்புக் கூடவே கூடாது! அங்கே கடிக்கிற ஒருவகை ஈக்கு நீலம் என்றால் உயிர். நான் கொண்டுபோன அத்தனையும் கடும் நீலம். மற்றவர்களை விட்டுவிட்டு, முகாமில் இருந்த ஈ முழுக்க என்னோடுதான் நடந்தது.

இன்னொன்றும் சொன்னேன். ஒரு துளி இரத்தம் சிந்தினாலும் அந்த மிருகம் உங்கள் கணக்கில். அது தப்பி ஓடினாலும் உங்கள் வேட்டை முடிந்தது.

"ஆமா, ஆமா" என்று டாக்டர் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டார். அவர் மனைவிதான் கேட்டார்: "அக்கா, உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"அது பெரிய கதை" என்றேன். அதற்குள் கொத்துரொட்டி வந்துவிட்டது.

அந்தப் பெரிய கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் அடிக்கடி திட்டு வாங்குகிறவர். கவுன்சிலில் வீதிப் பகுதியில் வேலை. குளியல் தொட்டியில் சிலந்தி விழுந்தால் தம்ளரில் ஏந்தி, எங்கள் கோலியர்ஸ் வுட் பக்கத்துக் குளிரில் பின்கதவைத் திறந்து, புல்லில் விட்டுவிட்டு வருகிற மனுஷன். அவரோடு வேலை செய்த பீட்டர் என்கிற வெள்ளைக்காரர் ஒருநாள் தன் ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அதன்பிறகு சனிக்கிழமை என்றால் கிளப்தான்.

எனக்கு விளங்கவே இல்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். நவம்பரில் கை ஃபோக்ஸ் இரவென்று லண்டன்காரர் வாணம் விடத் தொடங்கினால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ரேடியோவைக் கூட்டி வைக்கிறவர் இவர். அவர் தானாகவே போய் அந்தச் சத்தத்துக்குள் நிற்பதா?

கேட்டேன்.

"அங்கை நான் நினைக்கேக்கைதான் வெடிக்கும்" என்றார். "எல்லாம் கணக்கு. தூரம், காத்து, மூச்சு. அவ்வளவுதான்."

ஊரில் அவர் நினைக்காத நேரத்தில் வெடித்தவை ஏராளம். லண்டனில் ஒன்றாவது அவர் சொற்படி நடக்கட்டுமே.

பீட்டர் ஓய்வு பெற்ற வருஷம் சிம்பாப்வேக்கு வேட்டைக்குப் போகத் திட்டம் போட்டார். கூடப் போக இருந்தவருக்கு இடுப்பில் ஆபரேஷன். "நீ வாறியா?" என்று இவரைக் கேட்டார். இவர் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"நீர் வரத் தேவையில்லை" என்றார் என்னிடம்.

அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

ஸாம்பெசி நதிப் பக்கம் முகாம். வழிகாட்டியின் பெயர் டங்கன். அந்த நாட்டிலேயே பிறந்த வெள்ளையர். பத்து வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் இரண்டு பேசுவார். தடம் பார்க்கிறவர் மோசஸ், பக்கத்துக் கிராமத்துக்காரர். பீட்டர் வந்த சூட்டோடு ஒரு கிழட்டுக் காட்டெருமையைச் சுட்டுவிட்டார். ஒரே வெடி. விழுந்தது. கைகுலுக்கினார்கள், படம் எடுத்தார்கள், இரவு நெருப்பைச் சுற்றி இருந்து சிரித்தார்கள். இவ்வளவுதானா வேட்டை என்று நினைத்தேன்.

அடுத்தது இவருடைய முறை.

காலையிலிருந்து நடந்து, மூன்று கிழட்டு எருமைகள் மர நிழலில் நிற்பதைக் கண்டோம். டங்கன் முக்காலித் தடியை ஊன்றினார். இவர் துவக்கை அதில் வைத்தார். நான் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். "வலப்பக்கம் நிற்பது. தோளுக்குப் பின்னால்" என்று டங்கன் கிசுகிசுத்தார். இவருடைய முதுகு மூச்சில் எழுந்து, தாழ்ந்து, நின்றது.

வெடித்தது. அதே கணத்தில் எருமை ஓரடி முன்னால் வைத்தது.

ஓரடிதான்.

குண்டு வயிற்றில் பட்டது. முதுகை வளைத்துத் துள்ளிவிட்டு எருமை பற்றைப் புதருக்குள் ஓடி மறைந்தது. டங்கன் சொன்னார்: "காத்திருப்போம்."

காத்திருந்தோம். பிறகு மோசஸ் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க, பின்தொடர்ந்தோம். பின்னேரம் வரை நடந்தோம். வறண்ட ஆற்றங்கரையில் முட்பற்றை சுவர்போல நின்றது. தடம் அதற்குள் போயிருந்தது. வெளிச்சம் குறைகிறது, காயப்பட்ட எருமை தன் தடத்தின் பக்கமாகவே திரும்பி வந்து காத்து நிற்கும், இனி உள்ளே போவது தற்கொலை என்றார் டங்கன். திரும்பினோம். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பீட்டர் தோளில் தட்டி, "எல்லோருக்கும் நடப்பதுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு மிருகத்துக்குக் காயம். பாவம்தான். அதற்குமேல் என்ன?

மறுநாள் காலை முகாமுக்கு ஒரு பெண் வந்தார். நடுத்தர வயது, தேய்த்த பாவாடை சட்டை. கிரேஸ் என்று பெயர் சொன்னார். கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியை. எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு டங்கனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்:

"அது செத்துவிட்டதா?"

"இன்னும் இல்லை."

"அந்த ஆற்றைக் கடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவேண்டும். நேற்று இரவே மோசஸ் வந்து சொன்னார். இன்றைக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். எப்போது அனுப்பலாம் என்று கேட்க வந்தேன்."

கோபமே இல்லை அவர் குரலில். மழை எப்போது விடும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

இவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"என்ரை ஒரு வெடியாலை பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கு."

இவர் லண்டன் வருமுன் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். அவருடைய பள்ளிக்கூடம் எத்தனை தடவை பூட்டியது என்பது எனக்குத் தெரியும். ஷெல் விழத் தொடங்கினால் பிள்ளைகளை மேசைகளுக்குக் கீழே படுக்க வைத்து, சத்தம் ஓயும்வரை வாய்பாடு சொல்லச் செய்தவர். பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். யார் சுட்டது, எதற்காகச் சுட்டது என்றெல்லாம் அவர் பேசியதில்லை. "இண்டைக்கும் பாடம் இல்லை" என்பார். அவ்வளவுதான்.

டங்கன் எழுந்து துவக்கை எடுத்தார். "நானும் மோசஸும் உள்ளே போகிறோம், நீங்கள் மனைவியோடு ட்ரக்கில் இருங்கள், வருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், அதில் வெட்கம் இல்லை" என்றார் இவரிடம். அவர் அத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

"நானும் வருகிறேன்" என்றார் இவர்.

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? அவை பாத்துக்கொள்ளுவினம். அது அவையின்ரை வேலை."

"சுட்டது நான்."

"உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது?"

"அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் நடந்தா?"

கையை விட்டுவிட்டேன். வேறென்ன செய்ய?

பீட்டரை முகாமில் விட்டுவிட்டு, கிரேஸையும் ஏற்றிக்கொண்டு போய் ட்ரக்கை ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள். மூவரும் பற்றைக்குள் போனார்கள். மோசஸ் முன்னால் குனிந்தபடி, டங்கன் ஒரு பக்கம், இவர் மறுபக்கம். முள் அசைந்தது, பிறகு அசையவில்லை. ட்ரக்கில் நானும் கிரேஸும் மட்டும்.

"உங்கள் கணவர் தைரியசாலியா?" என்று கேட்டார் கிரேஸ்.

"இல்லை. சிலந்தியைக்கூடக் கொல்லமாட்டார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தபடியே என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு விடவில்லை.

சத்தமே இல்லாத நேரம் எவ்வளவு நீளமானது என்று உங்களுக்குத் தெரியுமா? ஊரில் எனக்கு அது பழக்கம். பதுங்குகுழிக்குள் இருந்து, அடுத்த சத்தம் எங்கே விழும் என்று காதை வைத்துக்கொண்டிருந்த பழக்கம். லண்டன் வந்து மறந்துவிட்டேன் என்றிருந்தேன். என் காது மறக்கவில்லை.

ஒரு வெடி. உடனே இன்னொன்று. பற்றைக்குள் எதுவோ முறிந்து சரிகிற ஓசை. சற்றுப் பொறுத்து மூன்றாவது வெடி. பிறகு நீளமான, தாழ்ந்த ஒரு முனகல். மாட்டின் குரல்தான். ஆனால் அதில் ஒரு மனிதத் தொனி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாருக்கு என்ன நடந்தது என்று அந்தச் சத்தங்கள் சொல்லவில்லையே.

மோசஸின் விசில் கேட்டது. "முடிந்தது" என்றார் கிரேஸ்.

இவர் வெளியே வந்தார். சட்டை முள்ளில் கிழிந்திருந்தது, முழங்காலில் இரத்தம். எருமை முன்னாலிருந்து வரவில்லையாம். கடந்துபோன தடத்தின் பக்கத்திலிருந்து வந்ததாம். டங்கனின் வெடிக்கு அது நிற்கவில்லை. இவருடைய வெடியில்தான் விழுந்தது. மூன்றாவது வெடி, வேதனையை முடிக்க. இதெல்லாம் பிறகு, லண்டனில், கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னது. அந்த நேரம் என் பக்கம்கூடப் பார்க்கவில்லை. நேரே கிரேஸிடம் போனார்.

"மன்னிக்கவேண்டும்" என்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் வைக்கலாம்."

"நாளைக்கு ஏன்?" என்றார் கிரேஸ். "இன்னும் மத்தியானம் ஆகவில்லையே."

அவர் போனபிறகுதான் இவர் ட்ரக்கின் நிழலில் நிலத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன்.

"அது ஓரடிதான் வைச்சது" என்றார். "அந்த அடி என்ரை கணக்கிலை இல்லை."

இறைச்சி கிராமத்துக்குப் போனது. கொம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பீட்டர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கிளப்புக்கு இப்போதும் சனிக்கிழமை போகிறார், அட்டையைத்தான் சுடுகிறார். "நான் நினைக்கேக்கைதான் வெடிக்கும்" என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. அடுத்த வருஷமும் வேட்டைக்கு வரும்படி பீட்டர் கேட்டார். "நீ போய்வா" என்று சொல்லி, விமான நிலையம் வரை கார் ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்தார்.

வேட்டைக்கு ஆள் சேர்க்கிற அந்தப் பளபளப்பான தாள்களை நானும் படித்திருக்கிறேன். எந்தச் சப்பாத்து, எந்தத் துவக்கு, எந்த மாதம்... எல்லாம் இருக்கும். விசையை இழுக்கிற கணம் வரை என்ன எதிர்பார்க்கலாம் என்று விவரமாகச் சொல்வார்கள். இழுத்த பிறகு அந்தக் குண்டு யார் யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்பதை எதில் எழுதுவது? வேட்டை தப்பு, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் கிராமத்துக்கு இறைச்சியும் மோசஸுக்கு வேலையும் அதனால்தான் கிடைக்கிறது. ஆனால் டாக்டரின் மனைவி கேட்டாரே, பயமாக இருந்ததா என்று. ஓம், இருந்தது. எருமையிடம் இருந்த பயம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அந்த ஓரடியிடம்.

அன்று மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மரத்தில் தொங்கிய ஒரு இரும்புத் துண்டை கிரேஸ் தட்டினார். மணிதான். ஆற்றுப் பாதையால் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இவர் எழுந்து ட்ரக்கைப் பிடித்தபடி நின்று பார்த்தார். ஒரு பிள்ளையின் முகத்திலும் மலர்ச்சி இல்லை. கிடைத்த லீவு பாதியில் பறிபோன கடுப்பு அப்படியே தெரிந்தது. ஒருத்தி எங்களை முறைத்துவிட்டே போனாள்.

பள்ளிக்கூடம் திறந்ததில் அந்த இடத்தில் முகம் மலர்ந்து நின்றவர் ஒரே ஒருவர்தான் — என் வீட்டுக்காரர்!