தவக்காலத்தில் தவறவிட்ட விமானம்

போன தவக்காலத்தில், ஈஸ்டர் வரை வாட்ஸ்அப் பார்ப்பதில்லை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போதுதான் சென்னையில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு இருதய அறுவை சிகிச்சை முடிவானது. "உள்ள போறதுக்கு முன்னால உன் முகத்தப் பாத்துடணும் தம்பி" என்று போனில் அழுதார். மலேசியாவில் நான் இருக்கும் பினாங்கில் விமான நிலையம் பெரிதாகிறது, இனி எங்கும் நேரே பறக்கலாம் என்று எல்லோரும் பேசிய நேரம். நானும் சென்னைக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், பகல் பதினொரு மணிக்கு மனைவியோடு விமான நிலையம் போனேன். கவுண்டர் பெண், "அங்கிள், டைரக்ட் பிளைட்ட நிறுத்திட்டாங்க லா. கோலாலம்பூர் வழியா மாத்துனாங்க, அது காலையிலயே போயிருச்சு. வாட்ஸ்அப்ல அனுப்புனோமே" என்றாள்.

"சாமிக்கு வாக்குக் கொடுத்தீங்க, சரி. போன என்கிட்டயாவது கொடுத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

மறுநாள்தான் இடம் கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். செபமாலையோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் இரக்கத்தால் அக்கா பிழைத்தார். பேச்சு வந்ததும், "கதவ சாத்துற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்டா" என்றார்.

இப்போது பயணம் என்றால் முந்தின நாளே விமான கம்பெனிக்குப் போன் போட்டு, எந்த வழி, எத்தனை மணி என்று கேட்டுவிடுகிறேன். இந்தத் தவக்காலத்தில் காப்பியை விட்டிருக்கிறேன். அதனால் கஷ்டம் எனக்கு மட்டும்தானா என்று மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் வாக்குக் கொடுத்தேன்.