கலண்டரில் ஒரு மலையூர்

லண்டன் குரோய்டனில் என் அகதி மனுவை விசாரித்த வெள்ளைக்கார அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கலண்டர் தொங்கியது. இத்தாலியில் மலை உச்சியில் ஓர் ஊர், சுற்றிலும் கல்மதில், மதிலடியிலிருந்து பள்ளம் வரைக்கும் திராட்சைத் தோட்டம். படத்தில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் தெரிந்த ஓட்டு வீட்டின் நிலவறையில்தான், வைன் பீப்பாய்களுக்கு நடுவில், களவாக ஆள் கடத்தும் ஏஜென்சிக்காரன் எங்கள் கூட்டத்தை ஒரு குளிர் மாரி முழுக்க ஒளித்து வைத்திருந்தான். வீட்டுக்காரர் பாணும் சூப்பும் தந்தார்.

எண்பதுகளின் கடைசி. இத்தாலியில் கால் வைத்தவன் என்று தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது லண்டனில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே நான் கொழும்பிலிருந்து நேரே பறந்து வந்தவன். அப்படித்தான் பாடமாக்கியிருந்தேன்.

நான் படத்தைப் பார்ப்பதை அதிகாரி கண்டுவிட்டார். மனிதருக்கு முகம் மலர்ந்தது. பேனையை வைத்துவிட்டு ஊர்ப் புராணத்தைத் தொடங்கினார். மொழிபெயர்க்க டூட்டிங்கிலிருந்து வந்திருந்த அண்ணை மூச்சு வாங்க வாங்கத் தமிழில் சொன்னார். மதில் பிஷப்மார் கட்டியதாம். பக்கத்து மலையூரோடு தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்ச் சண்டையாம். விடியலில் பள்ளத்தைப் பனிமூட்டம் மூட, ஊர் மட்டும் மேலே மிதக்குமாம்.

நானும் முதன்முறை கேட்கிறவன்போலத் தலையாட்டினேன். பொலிஸ் கண்ணில் படாமல் திராட்சைக்கொடி வெட்ட எங்களை இறக்கியதே அந்த மூட்டத்துக்குள்தான். குளிரில் வெடித்த கைகள் இன்னும் ஆறியிருக்கவில்லை. மெதுவாக மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

"ஐயா வருசாவருசம் அங்க போறவராம்," என்றார் அண்ணை. "உலக யுத்தத்தில இவரின்ரை தகப்பன் சிறைக்காம்பிலயிருந்து தப்பி அந்த ஊருக்குத்தான் ஓடினவராம். ஒரு மாரி முழுக்க நிலவறைக்குள்ள ஒளிச்சு வைச்சுச் சாப்பாடு குடுத்தவையாம்."

எந்த வீடு என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்டிருந்தால் அடுத்த விமானத்திலேயே நேரில் போய்ப் பார்த்திருக்கலாம்.

அதிகாரியின் கண்கள் கலங்கியிருந்தன. கடைசியாக ஒன்று சொன்னார். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் அதையும் சொன்னார்.

"அப்பிடிப்பட்ட சனத்தை வேறயெங்கையும் காணேலாதாம். நீ ஆர், எந்த வழியால வந்தனி எண்டு ஒரு கேள்வியும் கேக்கேல்லையாம்."

பிறகு அதிகாரி மூக்கைத் துடைத்து, பேனையை எடுத்து, நான் எந்த வழியால் வந்தேன் என்று கேட்டார்.