சொட்டு போட்ட பிறகு...

போன வியாழக்கிழமை மதியம் லூர்தக்கா பாண்டிச்சேரி பஸ்ஸைவிட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் மெடிக்கலுக்கு வந்தார். கையில் கண் ஆஸ்பத்திரி ஃபைல். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கோ பயம்.

ஏன் பயம்? அதைச் சொன்னால் என் மானம் போகும். பரவாயில்லை, சொல்கிறேன்.

மரக்காணத்தில் இருபது வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன் — இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு வாய் நீளம் என்பதும் தெரியும். லூர்தக்கா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். வயது ஐம்பத்தைந்து. கண்ணில் பிரஷர். இடது கண்ணில் பக்கப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. போனது திரும்பாது, இருக்கிறதையாவது காப்பாத்துவோம் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒரு சொட்டு, சாயந்திரம் ஒரு சொட்டு.

ஒரு வருஷம் போட்டும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். இன்னொன்றைச் சேர்த்தார். ம்ஹூம்... அடுத்த தடவையும் இறங்கலைன்னா ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். தலையில் உப்புக் கூடையோடு குறுகின வரப்பில் நடக்கிற வேலை. ஒரு தடவை பாத்திக்குள் விழுந்தும் இருக்கிறார். கண்ணு தெரியலைன்னா வேலைக்கு வராதே என்று மேஸ்திரி வேறு சொல்லியாச்சு.

ஒருவேளை மருந்தை ஒழுங்காகப் போடவில்லையோ? சேச்சே. மாசம் தவறாமல் வாங்கியது என் கடையில்தானே. கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் பாட்டில் வாங்க வந்தபோது மனுஷி ரொம்பவே மனசு விட்டுப் போயிருந்தார். நாலு வார்த்தை தைரியம் சொல்ல வேண்டாமா? கண்ணுக்கு மருந்து கொடுப்பதில் என்னென்ன புதுசாக வந்திருக்கிறது என்று நான் படித்து வைத்திருந்தேன். ஆரம்பித்துவிட்டேன்.

"கவலைய விடுங்கக்கா. வெளிநாட்டுல அரிசியவிடச் சின்னதா ஒரு குச்சி வந்திருக்குது. டாக்டரே கண்ணுக்குள்ள வெச்சிடுவாரு. அதுபாட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமா மாசக்கணக்குல மருந்த விட்டுக்கினே இருக்கும். மருந்து ஊற வெச்ச கான்டாக்ட் லென்ஸுன்னு இன்னொண்ணு பண்ணிக்கினு இருக்காங்க. நம்ம ஊருக்கும் ஒரு நாள் வந்துடும். சொட்டு போடுற தொல்லையே இல்ல."

அதெல்லாம் வந்தால் என் கடையில் சொட்டு மருந்து விற்காது. அது வேறு விஷயம். நல்லது வந்தால் வரட்டுமே.

லூர்தக்கா கவனமாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி.

"அந்தக் குச்சி... கண்ணு கழுவுனா வெளிய வந்துடுமா தம்பி?"

"அது எப்டி வரும்? உள்ள இல்ல இருக்குது."

"அப்ப அதான் எனக்குச் சரி. இது பாதி கழுவறதுலியே போயிடுது."

"எதுக்கா?"

"இந்த சொட்டுதான். போட்டதும் எரியுதில்ல? ஒடனே நல்ல தண்ணி ஊத்திக் கழுவிடுவேன்."

விற்ற பாட்டிலை நானே திரும்ப வாங்கி மேஜையில் வைத்தேன். என் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உப்பளத்தில் உப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணில் பட்டால், அந்த நிமிஷமே குடிக்க வைத்திருக்கிற கேனைத் தூக்கிக் கண்ணில் ஊற்ற வேண்டும். எரிந்ததா, கழுவு. முப்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற காரியம். மருந்தும் கொஞ்சம் எரிந்தது, கழுவிவிட்டார். தினம் ரெண்டு வேளை, ஒரு வருஷம்... பார்வையைக் காப்பாற்ற வேண்டிய மருந்து அத்தனையும் உப்பளத்து மண்ணுக்குப் போயிருக்கிறது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, என் மேல்தான். மாசாமாசம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேனே, ஒரு நாளாவது கேட்டேனா? டாக்டருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் மருந்தைத்தான் சந்தேகப்பட்டோம்.

ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"கழுவறதெல்லாம் போடறதுக்கு முன்னாடிக்கா. கைய நல்ல தண்ணில கழுவிட்டு ஒரு சொட்டு போடுங்க. போட்டுட்டு கண்ண மூடி, மூக்கோரமா விரலால லேசா அழுத்திக்கினு அஞ்சு நிமிஷம் உக்காருங்க. எரிச்சல் தானா அடங்கிடும். ரெண்டாவது மருந்து அதுக்கப்புறம்தான்."

செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்று, கண் வறட்சிக்குப் போடுகிற சாதா சொட்டு மருந்தை எடுத்து அண்ணாந்தேன். முதல் சொட்டு மூக்கு மேல் விழுந்தது. அடுத்தது கன்னத்தில்.

"உங்களுக்கே வர்லியே தம்பி" என்று அக்கா சிரித்தார். இருபது வருஷமாகக் கண் மருந்து விற்கிற கை இது.

ஆனால் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி பிரஷர் இறங்கும் என்று. ரெண்டு மாசமும் அந்த நம்பிக்கையோடுதான் இருந்தேன். போன வியாழக்கிழமை ஃபைலோடு அவரை நேரில் பார்த்ததும்தான் பயம் வந்தது.

"டாக்டரு இன்னாக்கா சொன்னாரு?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமே இல்லை.

"உப்பளத்துல கண்ண மூடிக்கினு உக்காந்தா, இன்னா ஜெபமான்னு கேக்கறாளுங்க. ஆமான்னுட்டேன்."

"அது இருக்கட்டும். பிரஷர்?"

"எறங்கிடுச்சி தம்பி. ஆபரேசன் இப்பத்திக்கு வாணாம்னுட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க மாத்திரை அட்டையை எடுத்து அடுக்கினேன். அக்கா விடவில்லை. டாக்டர் ரெண்டு தடவை மெஷினில் பார்த்தாராம். நடுவுல யாராச்சும் புது மருந்து குடுத்தாங்களாம்மா என்று கேட்டாராம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அதே மருந்துதான் சார், இப்பதான் மொத தடவையா போடறேன்னேன்."

டாக்டர் சிரிக்கவில்லையாம். நர்ஸைக் கூப்பிட்டு, வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரையும் ஒருதரம் சொட்டு போட்டுக் காட்டச் சொல்லு என்றாராம்.

அந்த அரிசிக் குச்சி வரட்டும். கட்டாயம் வரும், வரவேற்கிறேன். அதுவரைக்கும் என் கடையில் கண் மருந்து கேட்டு யார் வந்தாலும், பாட்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: போட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?

நேற்று வந்த முதல் ஆளே பெருமையாகச் சொன்னார் — "சுத்தமாத் தொடச்சிடுவேங்க."