கைக்குழந்தைக்குக் குளிர்காலம்

ரங்கூனில் என்ன குளிர் என்று கேட்பவர்கள், க்யிம்யிண்டைங் ஆற்றோரத்தில் மூங்கில் தரை வீட்டில் மார்கழியில் படுத்திருக்க மாட்டார்கள். காற்று கீழேயிருந்து ஏறும். அப்போது அலோன் துறையில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கோணியை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு உள்ளே புகுந்துகொள்வேன். எனக்கு அது போதும்.

நான் குடியிருந்த வீட்டு அக்காவுக்கு ஒரு மாதக் கைக்குழந்தை. கணவர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பாதிரியாரிடம் சொல்லி வைத்திருந்தாள். அதற்கு நாலு நாள் இருக்கும்போது குளிர் இறங்கியது. குழந்தைக்கு நெஞ்சு கர்ர் என்றது. சூடாக வைத்திருங்கள், இழுப்பு நிற்காமல் வெளியே தூக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே கம்பளி, அதுவும் கிழிசல்.

கம்பளி வாங்க லத்தா கடைத்தெருவுக்கு நடந்தேன். பர்மியத்தில் கம்பளிக்கும் சவுங், குளிர்காலத்துக்கும் சவுங். தட்டையாகச் சொன்னால் கம்பளி, இழுத்துச் சொன்னால் குளிர்காலம். தமிழ் நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே கம்பளிக் கடை போட்டிருந்த ஒரு பர்மாக்காரியை அக்கா முறை வைத்து அமா என்று கூப்பிட்டு, கைக்குழந்தைக்கு நல்ல சவுங் ஒன்று வேண்டும் என்று பர்மியத்தில் கேட்டேன். இழுத்துவிட்டேன்.

அவள் காலைப் போர்த்தியிருந்த கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தெருவைக் காட்டினாள்.

"அதோ தெரு பூரா கிடக்கு, அள்ளிக்கிட்டுப் போ. எல்லாரும் அது போனாப் போதும்ங்கிறாங்க, நீ ஒருத்தன்தான் கேட்டு வாங்க வந்திருக்கே, தம்பி."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தையின் நெஞ்சைப் பற்றிச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. விற்கிற கம்பளியெல்லாம் அந்தக் குளிரில் தீர்ந்திருந்தது. காலில் கிடந்ததையே உதறி மடித்துக் கொடுத்தாள். காசு நீட்டினேன்.

"பிள்ளைக்குக் குளிர்காலம் வாங்க வந்தவன்கிட்ட என்னத்தக் காசு வாங்குறது" என்றாள்.

வீட்டில் அக்கா அதை மோந்து பார்த்து, கருவாட்டு வாசம் என்று முகம் சுளித்தாள். ஆனாலும் கரியடுப்பின் மேல் காட்டிச் சூடாக்கிக் குழந்தையைச் சுற்றினாள். மூன்று நாள் மாற்றி மாற்றிக் காட்டினோம்.

கிறிஸ்துமஸ் காலையில் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "போவோம் தம்பி" என்றாள். ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டோம். கோயிலில் பாதிரியார் குழந்தையின் முகத்தைத் தேடி மடிப்பு மடிப்பாக விலக்க வேண்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்தான், தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. அக்கா சமாதானம் செய்யவில்லை. குனிந்து அந்த அழுகையையே கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் கர்ர் சத்தம் இல்லை.