கம்ப்யூட்டர் தொடாத படங்கள்

ஸ்டுடியோவில் அவருக்குச் சாம்பல் என்று பேர். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை வகைச் சாம்பல் உண்டு தெரியுமா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் விளக்கியதற்குக் கிடைத்த பட்டம். பின்னறையில் ஜன்னலைத் துணியால் மூடிக்கொண்டு, கலர் படங்களைக் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்குவதுதான் வேலை.

"ஒரு பட்டனைத் தட்டினா ஆச்சு. இதுக்கு ஒரு ஆளா?" என்பாள் வரவேற்பில் இருப்பவள்.

ஆகாது. பச்சைக் கதவில் சாய்த்த சிவப்பு சைக்கிள். பட்டனைத் தட்டினால் இரண்டும் ஒரே சாம்பலாகி, சைக்கிள் கதவுக்குள் கரைந்துபோகும். இவரோ சிவப்பை வெளிச்சமாக்கி ஏற்றுவார், பச்சையை இருட்டாக்கி இறக்குவார். சைக்கிள் எழுந்து நிற்கும். நீலத்தை இறக்கினாலோ, உச்சிவெயில் வானம் மழைக்கு முந்தைய வானமாகிவிடும்.

சைக்கிள் படம் அவர் மனைவியின் அண்ணன் எடுத்தது. மச்சான் ஐந்து நாள் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி, மீதி இரண்டு நாள் கலைஞர். அவருடைய நாற்பது படங்களைச் சாம்பல் எட்டு மாதம் ஞாயிறுதோறும் வீட்டில் உட்கார்ந்து செய்தார்.

"கண்காட்சியில ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ரெண்டு பேரு மாப்ள. என் பேரு, பக்கத்துலயே உங்க பேரு" என்று மச்சான் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் சாம்பலின் பெயர் எங்கும் அச்சானதில்லை.

கண்காட்சி மாலையில் புதுச்சட்டையோடு போனார். முதல் படத்தின் கீழே ஒரே பெயர். இரண்டாவதிலும். அச்சுப்பிழையாக இருக்கும் என்று நாற்பதையும் சுற்றிவந்தார். அச்சுப்பிழை நாற்பது முறை வரும் என்று நம்பக்கூடிய நல்ல மனசு.

நடுவில் மச்சானைச் சுற்றிக் கூட்டம். "அந்த வானத்துக்காக மூணு மணி நேரம் காத்துக்கிடந்தேங்க. கம்ப்யூட்டர் தொடவே இல்ல. கேமராவுல விழுந்தது விழுந்தபடி."

"இவர்?" என்று ஒரு அம்மாள் சாம்பலைக் காட்டினார்.

"நம்ம மாப்ள. ஃப்ரேம் மாட்ட ஒத்தாசைக்கு வந்தார்."

சாம்பல் சிரித்துவைத்தார். பிறகு மனைவியைத் தேடிப் பிடித்தார்.

"உங்கண்ணன் பேசறதைக் கேட்டியா? என் பேரு எங்க?"

"மெதுவாப் பேசுங்க." அவள் தோள்பையின் பட்டையை முறுக்கினாள். "எடிட் பண்ணின படத்தை இங்க எடுத்துக்க மாட்டாங்களாம். அண்ணன் போன மாசமே சொன்னான். நான்தான் சரின்னுட்டேன்."

"போன மாசமா? அதுக்கப்புறம் நாலு ஞாயித்துக்கிழமை டீ கொண்டாந்து வெச்சியே?"

"சொன்னா பாதியில விட்டுடுவீங்கல்ல."

மச்சானின் பொய்யை எப்படியோ முழுங்கிவிட்டார். அந்த நான்கு டீதான் தொண்டையில் நின்றது.

அடுத்த ஞாயிறு காலை மச்சான் பதினெட்டுப் புதுப் படங்கள் அனுப்பினார். "அதே மாதிரி பண்ணிடுங்க மாப்ள."

தொடாமல் அப்படியே கலரில் திருப்பி அனுப்புவது என்று சாம்பல் முடிவு செய்தார். அனுப்பும் முன் ஒரே ஒருமுறை பார்த்தார்; அதுதான் தப்பு. வெளிர்மஞ்சள் சுவர் முன்னால் ஒருத்தி, கையில் ஆகாய நீலக் குடை. பார்த்த மாத்திரத்தில் அவர் கண் அதைச் சாம்பலாக்கிவிட்டது: குடையும் சுவரும் ஒன்றாகக் குழைந்து, அவள் வெறுங்குச்சியைப் பிடித்து நின்றாள். மச்சான் செய்ததற்கு அவள் என்ன பண்ணுவாள், பாவம்? நீலத்தைக் கொஞ்சம் இறக்கினார். மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினார்.

மனைவி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பதினோராவது படத்தில் இருந்தார். அந்த வீட்டில் அவர் பக்கம் மிச்சமிருந்தது வலது கை ஒன்றுதான். அதுவும் மச்சான் கட்சியில் சேர்ந்துவிட்டது.